பாதாளக் கல்லறைக்குள்ள கதிர்வீச்சு: பயப்பட வேண்டியது யாரு?

கேள்வி: எகிப்து போறோம் சார், ராஜாக்கள் பள்ளத்தாக்கு, பிரமிடு எல்லாம் குடும்பத்தோட பாக்கணும்னு பல வருஷ ஆசை. ஆனா அந்தக் கல்லறைக்குள்ள இயற்கையாவே கதிர்வீச்சு இருக்குன்னு ஒரு வீடியோ பாத்துட்டு அம்மா பசங்கள கூட்டிட்டுப் போகவே கூடாதுங்கறாங்க. என்ன செய்ய?

பதில்: தாராளமா போங்க. வீடியோல சொன்னது முழுப் பொய் இல்ல, ஆனா பாதிதான் சொல்லியிருக்காங்க. பாறையில எல்லாம் துளியூண்டு யுரேனியம் இருக்கும், அது சிதைஞ்சு ரேடியமாகி அதுலருந்து ரேடான்னு ஒரு வாயு வரும், நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது. வெளியில வந்துட்டா காத்தோட கலந்து போயிடும். ஒரே ஒரு வாசல் மட்டும் இருக்கற குடைஞ்ச அறைக்குள்ள அது போக வழியில்லாம சேரும், அவ்வளவுதான் விஷயம்.

கணக்கு போட்டுப் பாப்போம். ஒரு கனமீட்டர் காத்துல 1000 பெக்கரல் (வினாடிக்கு ஒரு அணு சிதைஞ்சா அது 1 பெக்கரல்) ரேடான் இருக்கற அறைன்னு வச்சுக்கங்க, வீட்டுக்குள்ள 100க்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றதால இது நல்லாவே அதிகம்தான். அங்க 1 மணி நேரம் நின்னா கிடைக்கற டோஸ், அதாவது உடம்பு வாங்கற கதிர்வீச்சு, சுமாரா 0.007 மில்லிசீவர்ட் (அத அளக்கற அலகு). எங்கயும் போகாம சும்மா இருந்தாலே உலக சராசரியா ஒரு வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் இயற்கையா வந்துட்டுதான் இருக்கு, அதாவது அந்த 1 மணி நேரமும் சாதாரணமா ஒரு நாள் வாழறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அம்மாகிட்ட இத அப்படியே சொல்லுங்க.

கேள்வி: என் தம்பி பழைய கல்லறை ஓவியங்கள சுத்தம் பண்ற டீம்ல இருக்கான், தினம் 6 மணி நேரம் உள்ளதான். டூரிஸ்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாரும் சொல்றாங்க, அவனுக்கு?

பதில்: இந்தக் கேள்விய கேட்டதுக்கு உங்களுக்கு நன்றி, ஏன்னா இத யாரும் கேக்கறதே இல்ல. வந்து பாத்துட்டுப் போறவங்களப் பத்தி ஊரே பேசுது, அதே அறை வாசல்ல வருஷம் முழுக்க நிக்கற காவலர், ஒரு நாளைக்குப் பத்து தடவ உள்ள போயிட்டு வர்ற கைடு, மூலையில குனிஞ்சு பிரஷ் புடிக்கற உங்க தம்பி, இவங்க எந்த செய்தியிலயும் வர்றதில்ல.

அதே 1000 பெக்கரல் அறைய எடுத்துக்கங்க. 6 மணி நேரம், வருஷத்துக்கு 250 நாள், மொத்தம் 1500 மணி நேரம், சுமாரா 10 மில்லிசீவர்ட் வரும். கதிர்வீச்சு வேலையில இருக்கறவங்களுக்கு சர்வதேச வரம்பு 5 வருஷ சராசரியா வருஷத்துக்கு 20தான், அப்போ உங்க தம்பி அதுல பாதிக்கு வந்துட்டார். அணு உலையில வேலை பாக்கறவருக்கு சட்டையில டோஸ் அளக்கற பேட்ஜ் இருக்கும், இவருக்கு ஒண்ணும் இருக்காது, இது எனக்கு நிஜமாவே கோவம் வர்ற விஷயம்.

உடம்புல என்ன பண்ணுதுன்னா, ரேடான் வாயுவ விட அது சிதைஞ்சு வர்ற பொலோனியம் மாதிரி திட வாரிசுகள்தான் ஆபத்து. அதுங்க தூசியில ஒட்டிக்கிட்டு நுரையீரலுக்குள்ள போய் உக்காந்து அங்கயே ஆல்ஃபா துகள, அதாவது அணு சிதையறப்ப வேகமா தெறிக்கற துகள, விடும். ஜெர்மனியில ஷ்னீபர்க் சுரங்கத் தொழிலாளிங்க நூத்தாண்டுக்கணக்குல ஏதோ மார்பு நோயில செத்துக்கிட்டு இருந்தாங்க, அது நுரையீரல் நோய்க்கட்டின்னு 1879லதான் டாக்டருங்க கண்டுபிடிச்சாங்க, ரேடான கண்டுபிடிச்சதே அதுக்கப்புறம் 1900ல. ரேடான் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியா பட்டியல்ல சேத்தது 1988ல. தம்பி சிகரெட் புடிச்சா மொதல்ல அத நிறுத்தச் சொல்லுங்க, ரேடானால நுரையீரல் புற்றுநோய் வர்ற வாய்ப்பு புகைக்காதவங்கள விட புகைக்கறவங்களுக்கு சுமார் 25 மடங்கு.

நிர்வாகத்துகிட்ட கேக்க வேண்டியது, ரேடான் அளந்தீங்களா, எவ்ளோ, எழுத்துல குடுங்க. அளக்கறது பெரிய செலவே இல்ல, சின்ன பிளாஸ்டிக் துண்டு வச்ச டிடெக்டர், ஆல்ஃபா பட்ட இடத்துல தடம் விழும், சில மாசம் வச்சுட்டு லேபுக்கு அனுப்பணும். ஒரு வாரம் அளந்துட்டு முடிச்சேன்னா ஒத்துக்காதீங்க. ஸ்லோவேனியாவுல போஸ்டாய்னா குகையில குளிர்காலத்துல வெளிக்காத்து உள்ள புகுந்து ரேடான் குறையும், கோடையில காத்து அசையாம நின்னு ஏறிடும், அதனால எல்லா சீசனும் பாக்கணும். ஐரோப்பிய யூனியன் 2013 உத்தரவுல வேலை இடத்துக்கு 300 பெக்கரல்தான் அளவுகோல், தாண்டினா ஏதாவது செய்யணும்.

கேள்வி: ஃபேன் போட்டா ஓவியம் கெட்டுடும்னு எங்க இடத்துல சொல்றாங்க, உண்மையா?

பதில்: உண்மைதான், அதுல ஒரு நியாயம் இருக்கு. பிரான்ஸ்ல ஆதிமனுஷங்க வரைஞ்ச ஓவியம் இருக்கற லாஸ்கோ குகைய 1963ல பொதுமக்களுக்கு மூடினதே வந்தவங்க மூச்சும் ஈரமும் வெளிச்சமும் ஓவியத்த அழிக்குதுன்னுதான். கதவ இறுக்க மூடினா ஓவியத்துக்கு நல்லது, ரேடானுக்கும் கொண்டாட்டம். ஆனா அதுக்காக ஆள பலி குடுக்க வேண்டாமே. ஷிஃப்ட சின்னதாக்கலாம், ஆள மாத்தி மாத்தி அனுப்பலாம், சாப்பாடு, எழுத்து வேலை, டிக்கெட் பாக்கறது எல்லாம் வெளிய வச்சுக்கலாம், இதுல ஒண்ணுகூட ஓவியத்தத் தொடாது.

கேள்வி: எகிப்து ராஜா துட்டன்காமன் கல்லறையத் திறந்தவங்க செத்துப் போவாங்கன்னு சொல்ற சாபம்ங்கறது இந்தக் கதிர்வீச்சுதானா?

பதில்: இல்ல. கல்லறைய 1922ல திறந்தாங்க, அந்தத் தோண்டலுக்குப் பணம் போட்ட கார்னார்வன் பிரபு 1923 ஏப்ரல்ல கொசுக்கடி புண்ணாகி ரத்தத்துல விஷம் பரவி இறந்தார். ரேடான் கேடு வர்றதுக்குப் பல வருஷம், பத்து இருபது வருஷம்கூட ஆகும், சில மாசத்துல யாரையும் கொல்லாது. கல்லறையக் கண்டுபிடிச்சு உள்ளயே பல வருஷம் கெடந்த ஆய்வாளர் ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரைக்கும் இருந்தார்.

கேள்வி: மாஸ்க் போட்டா போதுமா?

பதில்: ரேடான் வாயுவ மாஸ்க் தடுத்து நிறுத்தாது. தூசியில ஒட்டின பொலோனியத்த என்95 மாதிரி நல்ல மாஸ்க் ஓரளவு தடுக்கும், துணி மாஸ்க் நம்பாதீங்க. இத்தன வருஷம் உள்ள இருந்தாச்சே, ரத்தப் பரிசோதனையில தெரியுமான்னும் சிலர் கேட்டிருக்கீங்க, அதுக்குன்னு வழக்கமான டெஸ்ட் கெடையாது. அறையில இருக்கற ரேடான் அளவும் நீங்க இருந்த மணி நேரமும் தெரிஞ்சாதான் டோஸ் கணக்கு போட முடியும், அதனால எந்த அறை, எத்தனை மணி நேரம்னு இன்னைலருந்து ஒரு நோட்டுல எழுதுங்க, டாக்டர்கிட்ட போறப்ப அத எடுத்துட்டுப் போங்க.