கையில் சூடு தெரியவில்லை, தொடுவது மட்டும் தெரிகிறது. ஏன்?

வேறு காரணங்களும் உண்டு, ஆனால் சிரிங்கோமைலியாவாக இருக்கலாம். தண்டுவடத்தின் நடுவில் நீர் நிறைந்த குழி உருவாகி, பல ஆண்டுகளில் மெல்லப் பெரிதாகும் நோய் இது. வலியையும் சூட்டையும் கொண்டுபோகும் நரம்பிழைகள் அந்த நடுப்பகுதியைக் குறுக்கே கடந்துதான் மறுபக்கம் போகின்றன. குழி முதலில் கெடுப்பது அவற்றைத்தான். தொடு உணர்வு பின்பக்கமாக மேலே ஏறுவதால் தப்பிவிடுகிறது. அதனால்தான் கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்து விரல் கொப்பளித்தாலும் வலிப்பதில்லை. சட்டைப் பொத்தானைத் தடவியே கண்டுபிடிக்க முடிகிறது. அப்புறம் கைத்தசை மெலியும், கால் விறைக்கும்.

பெரும்பாலும் கியாரி குறைபாடுதான் காரணம்: சிறுமூளையின் அடிப்பகுதி கழுத்துப் பக்கம் இறங்கி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரின் ஓட்டத்தை அடைப்பது. எம்ஆர்ஐயில் தெரிந்துவிடும். அடைப்பை நீக்கும் அறுவை சிகிச்சை பலருக்கு நோயை அங்கேயே நிறுத்துகிறது. போன உணர்வு முழுதாகத் திரும்புவது அரிது. தயவுசெய்து தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.