எடை குறையவில்லை என்பதற்காக நடைப்பயிற்சியை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 46, உயரம் 168 செ.மீ., எடை 92 கிலோ. மூன்று மாதங்களாக நாள்தோறும் 40 நிமிடம் வேகமாக நடந்தும் ஒரு கிலோதான் குறைந்திருக்கிறது. படி இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது. இதற்குமேல் நடப்பதில் பயன் உண்டா?

பதில்: உண்டு, தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். உங்கள் முயற்சியில் குறையில்லை, அதை எடை இயந்திரத்தைக் கொண்டு மட்டும் அளந்ததுதான் சிக்கல்.

உங்கள் எடையுள்ள ஒருவர் 40 நிமிடம் வேகமாக நடந்தால், சும்மா இருக்கும்போது செலவாவதைவிட ஏறத்தாழ 200 கலோரி கூடுதலாகச் செலவாகும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருப்பதால், மூன்று மாத நடைக்குக் கணக்குப்படியே இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமாகத்தான் குறைய முடியும். அதிலும் ஒரு பகுதியை, கூடும் பசியும், நடந்த களைப்பில் மற்ற நேரங்களில் நம்மை அறியாமலே குறைந்துவிடும் அசைவும் ஈடுகட்டிவிடுகின்றன. எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு உணவுக்கே உரியது. குறைந்த எடை மீண்டும் ஏறாமல் காப்பதில்தான் உடற்பயிற்சியின் பங்கு பெரிது.

ஆனால் உடல் பருமனால் வரும் கேடுகளில் பல, மொத்த எடையைவிட, வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியும் கல்லீரலிலும் சேரும் கொழுப்போடு நெருங்கிய தொடர்புடையவை. எடை அசையாதபோதும் தொடர்ந்த உடற்பயிற்சி இந்தக் கொழுப்பைக் குறைக்கிறது. தசைகள் இன்சுலினுக்கு நன்றாக இணங்கி, இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. இந்த இணக்கம் ஓரிரு நாட்களில் மங்கத் தொடங்குவதால், தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் இடைவெளி விடாதிருப்பது நல்லது. வயிற்றுக் கொழுப்பு குறைகிறதா என்பதை அறிய, எடையோடு மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவையும் அளந்து குறித்து வையுங்கள்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில், நாடாவை இறுக்காமல் அளக்க வேண்டும். அது உயரத்தில் பாதிக்குள், அதாவது உங்களுக்கு 84 செ.மீ.க்குள் இருப்பது நீண்டகால இலக்கு.

முழங்காலுக்கு வருவோம். ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீதான சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. அதுவரை மூட்டைத் தாங்க வேண்டியது தொடையின் முன்புறத் தசை. படி இறங்கும்போது உடலைப் பிடித்து நிறுத்துவதும் அதுதான். நடைப்பயிற்சி மட்டும் அதை வலுப்படுத்தப் போதாது. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியோடு, குறைந்தது இரண்டு நாட்கள் தசைப்பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. உங்களிடம் விடுபட்டிருப்பது இந்த இரண்டாம் பகுதியே.

சற்று உயரமான, அசையாத நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பில் குறுக்காக வைத்து எழுந்து நில்லுங்கள். பிறகு நான்கு எண்ணும் வரை மெதுவாக இறங்கி அமருங்கள். தொப்பென்று உட்கார்ந்துவிட்டால் பாதிப் பயன் போய்விடும். எட்டு முறை செய்து, சற்று ஓய்வெடுத்து, மறுபடி எட்டு முறை. ஒருநாள் விட்டு ஒருநாள் இது போதும். அந்நாட்களில் நடையை 20 நிமிடமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

உணவில், இப்போது உண்ணும் அளவிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைப்பது நடைமுறைக்கு ஏற்றது. எடையில் 5 சதவீதம், அதாவது உங்களுக்கு 4.6 கிலோ குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் முன்னேற்றம் தெரியத் தொடங்கும். சர்க்கரைக்கு மருந்தோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவராக இருந்தால், உணவைக் குறைக்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள்.

பயிற்சியின்போது லேசான வலி இருந்து அன்றே அடங்கினால் தொடரலாம். மறுநாளும் நீடித்தால் அளவைக் குறையுங்கள். மூட்டு வீங்கினாலோ, மடங்கியபடி சிக்கிக்கொண்டாலோ, முழங்கால் திடீரெனத் தளர்ந்து தாங்காமல் போனாலோ எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் மருத்துவ உதவி பெறுங்கள்.