டாக்டேக்கில் பயனரைக் குழுவில் சேர்க்க முடியவில்லை: பதில்

வணக்கம். டிஜிட்டல் சான்றிதழ்களை வழங்கி நிர்வகிக்கும் மென்பொருளான டாக்டேக்கில், ஓசூர் ஆலைக்குப் புதிதாக வந்தவரை 'சர்டிபிகேட் மேனேஜர் ஏஜென்ட்ஸ்' குழுவில் சேர்க்கப் போனால், அப்படி ஒரு குழுவே இல்லை என்று பிழை வருவதாக எழுதியிருந்தீர்கள். குழு இருக்கிறது, கட்டளையில் நீங்கள் பெயர்களைக் கொடுத்த வரிசைதான் மாறிவிட்டது. 'சிஏ-யூசர்-மெம்பர்ஷிப்-ஆட்' கட்டளைக்கு முதலில் பயனர், அப்புறம் குழு. 'சிஏ-குரூப்-மெம்பர்-ஆட்' அப்படியே தலைகீழ். குழுப் பெயரில் இடைவெளி இருப்பதால் மேற்கோள்குறிக்குள் கொடுங்கள். இயக்குவது அட்மின் சான்றிதழோடு.

சேர்ந்ததா என்று 'சிஏ-யூசர்-மெம்பர்ஷிப்-ஃபைண்ட்' காட்டும். சரி, அதற்கப்புறமும் விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் தரும் ஏஜென்ட் பக்கம் அவருக்குத் திறக்கவில்லையா? அவர் சான்றிதழை 'சிஏ-யூசர்-சர்ட்-ஆட்' போட்டு அவர் கணக்கோடு இணைத்தாக வேண்டும். குழு மட்டும் போதாது.

வேலையை விட்டுப் போனவர்கள் இந்தக் குழுவில் இன்னும் இருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள், தயவுசெய்து. சான்றிதழ் விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் அது.