அடுத்த பத்து வருடம் எந்தப் பாயின்ட் கார்டு கையில்?

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: இப்போது விளையாடும் சின்ன வயதுப் பாயின்ட் கார்டுகளில் (பந்தைக் கொண்டுபோய் டீமின் ஆட்டத்தை நடத்துகிறவர்கள்) யாருக்கு நல்ல எதிர்காலம்? பெரம்பூரில் காலை பிராக்டிஸ் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது எங்கள் பசங்களுக்குள் நடக்கும் சண்டையும் இதுதான். இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு பேஸ்கட்பால் சொல்லிக்கொடுத்து வருகிறேன், அந்தக் கண்ணோடுதான் அமெரிக்க பேஸ்கட்பால் லீக்கான என்பிஏ மேட்சையும் பார்க்கிறேன். அதனால் கோச் பார்வை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

பெரம்பூர், கல்லூரி மாணவர்: அண்ணா, கன்னிங்ஹாம், லமெலோ, மேக்ஸி, ஹாலிபர்ட்டன். நாலு பேரில் ஒருத்தரை வைத்து டீம் கட்டச் சொன்னால் யாரை எடுப்பீர்கள்? மழுப்பாமல் சொல்லுங்கள்.

கேய்ட் கன்னிங்ஹாம். யோசிக்கவே மாட்டேன் தம்பி.

2021 டிராஃப்டில், அதாவது டீம்கள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில், முதல் ஆளாக டெட்ராய்ட் டீம் எடுத்தது. இரண்டாவது வருடம் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஆபரேஷன், 12 மேட்சோடு சீசன் முடிந்தது. திரும்பி வந்த 2023-24 சீசனில் அந்த டீம் 14 மேட்ச் ஜெயித்து 68 தோற்றது, அதில் தொடர்ச்சியாக 28 தோல்வி. 22 வயதுப் பையனுக்கு அந்த மாதிரி டீமில் இருந்தால் என்ன தோன்றும்? டீம் எப்படியோ போகட்டும், நம்ம பாயின்டை நாம் ஏற்றிக்கொள்வோம் என்றுதான் தோன்றும், எங்கள் கிரவுண்டில் எத்தனையோ பேரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த சீசனில் அதே டெட்ராய்ட் 44 ஜெயித்து 38 தோற்று, 2019-க்குப் பிறகு முதல் முறையாக பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்று) போனது. கன்னிங்ஹாமுக்கு மேட்சுக்குச் சராசரி 26.1 பாயின்ட், 9.1 அசிஸ்ட் (பாயின்டாக முடிகிற பாஸ்). புது கோச் வந்தார், ஷூட் பண்ணத் தெரிந்த அனுபவசாலிகள் வந்தார்கள், அதெல்லாம் உண்மை. ஆனால் பந்து முழுக்க இவர் கையில்தான் இருந்தது.

எனக்கு அவரிடம் பிடித்தது வேகமே இல்லை, நிதானம். ஆறடி ஆறங்குல உயரம். தன் டீம் ஆள் வழிமறித்து நிற்கிற ஸ்கிரீனைத் தாண்டி வந்ததும் தன்னைக் கார்டு பண்ணுகிறவனை முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, உள்ளே ஓடிவிடாமல், அங்கேயே ஒரு நொடி நிற்பார். எதிர் டீமின் உயரமானவன் முன்னால் வருவதா, பின்னால் போவதா என்று தவிப்பான் பாருங்கள், அவன் முடிவெடுத்த பிறகுதான் இவர் பாஸ் பண்ணுவதா ஷூட் பண்ணுவதா என்று முடிவெடுப்பார். கேரம் ஆடுகிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் நம்ம வண்ணாரப்பேட்டைப் பக்கத்துக் காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்தாரே, அந்த விளையாட்டில் முன்னால் இருக்கும் காயைப் போடுவது பெரிய விஷயமா? அதைப் போட்ட பிறகு ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நிற்கும், அடுத்த காய்க்கு வழி இருக்குமா என்று பார்க்கிறவர்தான் ஆட்டக்காரர். பாயின்ட் கார்டு வேலையும் அதுதான்.

குறையும் சொல்லிவிடுகிறேன். அதே சீசனில் மேட்சுக்கு 4.4 டர்ன்ஓவர், அதாவது பந்தை எதிராளியிடம் விட்டுவிடுவது. ரொம்ப அதிகம். அதில் ஒரு பகுதி, இரண்டு பேருக்கு நடுவில் ஊசி நுழைகிற இடத்தில் பாஸைச் செருகப் பார்ப்பதால் வருவது, சுற்றிலும் நல்ல ஷூட்டர்கள் சேரச் சேரக் குறையும். இன்னொரு பகுதி சோர்வில் வருவது. அதை அவர்தான் சரிசெய்ய வேண்டும்.

தண்டையார்பேட்டை: லமெலோ பால் மாதிரி பாஸ் போட இப்போது யாரும் இல்லை. நீங்கள் அவரைக் கண்டுகொள்வதே இல்லையே?

பாஸில் உங்கள் பேச்சுக்கு நான் எதிர்ப்பேச்சு பேசவே மாட்டேன். அரை கோர்ட்டுக்கு அப்பாலிருந்து ஒற்றைக் கையால் அவர் எறிகிற பந்து ஓடுகிறவன் கையில் போய் விழுவதைப் பார்த்து எத்தனையோ தடவை எழுந்து நின்றிருக்கிறேன். 2020 டிராஃப்டில் மூன்றாவது ஆள், 2021-ல் சிறந்த புதுமுகம், 2022-ல் ஆல்-ஸ்டார். அப்புறம் என்ன ஆனது? 2022-23-ல் 36 மேட்ச், அடுத்த வருடம் 22, அதற்கடுத்த வருடம் 47. மூன்று சீசனில் 246-க்கு 105 மேட்ச். பெரும்பாலும் கணுக்கால். கணுக்கால் ஒரு தடவை பிசகினால் மறுபடி பிசக வாய்ப்பு கூடிக்கொண்டே போகும், இது பெரிய ஆட்டக்காரருக்கும் கொடுங்கையூர் பையனுக்கும் ஒன்றுதான். அது போக, ஷாட் தேர்வு. ஷாட் எடுக்க வேண்டிய நேரத்தைக் காட்டும் ஷாட் கிளாக்கில் பதினைந்து நொடி மிச்சம் இருக்கும்போதே ஒற்றைக் காலில் நின்று மூன்று பாயின்ட் ஷாட் எடுப்பது ரீல்ஸில் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் மூலையில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற நாலு பேருக்கும் அது என்ன சொல்கிறது என்று யோசியுங்கள். உடம்பு ஒத்துழைத்து, ஒழுங்கான ஒரு டீமும் அமைந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்ள எனக்குச் சந்தோஷம்தான்.

வியாசர்பாடி: ஹாலிபர்ட்டன் காயத்திலிருந்து பழையபடி வருவாரா மாஸ்டர்? அன்றைக்கு மேட்ச் பார்த்துவிட்டு எனக்கு வேலைக்குப் போகவே மனசில்லை.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. 2025 ஜூன் 23, திங்கள்கிழமை, நமக்குக் காலை ஐந்தரை மணி மேட்ச், ஃபைனலின் ஏழாவது ஆட்டம். அதே ஃபைனலின் முதல் மேட்சில் 0.3 நொடி மிச்சம் இருக்கும்போது ஷாட் போட்டு 111-110 என்று ஜெயித்துக்கொடுத்தவர், அவர் டீமான இந்தியானா அந்த மேட்ச் முழுவதும் முன்னிலைக்கு வந்ததே அந்த ஒரு ஷாட்டில்தான். ஏழாவது மேட்சில் முதல் குவார்ட்டரிலேயே குதிகால் தசைநாண் அறுந்து தரையை அடித்துக்கொண்டு விழுந்தார். 2025-26 சீசன் முழுக்க ஆடமாட்டார் என்று டீம் அறிவித்துவிட்டது.

வருவாரா என்றால், வருவார் என்று நம்புகிறேன், காரணத்தோடுதான். இதே காயம் 2019 ஃபைனலில் கெவின் டுரான்ட்டுக்கு வந்தது, ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்து பழையபடி ஆடினார். உயரமும் ஷூட்டிங்கும் அவரைக் காப்பாற்றின. ஹாலிபர்ட்டனும் எகிறிக் குதித்துப் பிழைக்கிற ஆள் இல்லை, கண்ணாலும் பாஸாலும் ஆடுகிறவர். அந்த வருடம் நியூயார்க்கோடு ஆடிய அரையிறுதித் தொடரின் நான்காவது மேட்சில் 32 பாயின்ட், 12 ரீபவுண்ட், 15 அசிஸ்ட், ஒரு டர்ன்ஓவர்கூட இல்லை. பிளேஆஃப் வரலாற்றில் அதற்கு முன்னால் யாரும் அப்படி ஆடியதில்லை. அந்த மூளைக்கு ஒன்றும் ஆகவில்லையே.

அவசரப்படக்கூடாது, அவ்வளவுதான். கல்லூரிக் காலத்தில் சிமென்ட் தரையில் முழங்கால் திரும்பி, மூன்று மாதம் ஓய்வு என்று சொன்னதை ஆறு வாரத்தில் முடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனவன் நான். அந்தக் கால் இன்றைக்கும் மாடிப்படி ஏறும்போது வலிக்கும். டெரிக் ரோஸ் 22 வயதில் எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்) ஆனவர், 2012-ல் முழங்கால் போன பிறகு அந்த உயரத்தை மறுபடி தொடவே இல்லை. உடம்பின் வேகத்தையும் குதிப்பையும் மட்டும் நம்பி ஆடுகிறவர்களைப் பற்றி எனக்குப் பயம் வருவது அதனால்தான். அப்படி ஆடுகிற இன்னொரு பாயின்ட் கார்டு ஜா மொராண்ட்டைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தவர்களுக்கும் இதுவே பதில்.

கொளத்தூர்: மேக்ஸி?

21-ஆவது ஆளாக டிராஃப்ட் ஆகி 2024-ல் அதிகம் முன்னேறியவர் விருது வாங்கியவர், மேட்சுக்கு 25.9 பாயின்ட் எடுத்தும் டர்ன்ஓவர் இரண்டுகூட இல்லை. உழைப்பென்றால் அவர்தான். ஆனால் முதலில் ஸ்கோரர், பிறகுதான் பாயின்ட் கார்டு.

லூகா டான்சிச், ஷை கில்ஜஸ்-அலெக்சாண்டர் இவர்களை ஏன் சேர்க்கவில்லை என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். 2000-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் என்று கோடு போட்டுக்கொண்டேன். ஷை 2025-ல் எம்விபியும் வாங்கி, கோப்பையும் வாங்கி, ஃபைனல் எம்விபியும் வாங்கிவிட்டார். இனி எதிர்காலம் என்று என்ன பேசுவது, அவருடைய காலம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ராயபுரம், பத்தாம் வகுப்பு மாணவி: நான் ஐந்தடி மூன்றங்குலம்தான் சார். ஸ்கூல் டீமில் பாயின்ட் கார்டு. உயரம் வராது என்று வீட்டில் விளையாட்டை விடச் சொல்கிறார்கள்.

விடாதேம்மா. மக்ஸி போக்ஸ் என்று ஒருவர், சரியாக உன் உயரம், ஐந்தடி மூன்றங்குலம். என்பிஏவில் 14 சீசன் ஆடினார், அதுவும் பாயின்ட் கார்டாக. எதிராளி டிரிபிள் பண்ணும் பந்து தரையிலிருந்து எழும்பும்போதே தட்டிப் பறித்துவிடுவார், உயரமானவர்களால் அவ்வளவு கீழே குனிய முடியாது. இந்தியப் பெண்கள் அணிக்குக் கேப்டனாக இருந்து 2021-ல் பத்மஸ்ரீ வாங்கிய அனிதா பால்துரை நம்ம சென்னைதான், ரயில்வேயில் வேலையும் இந்த விளையாட்டால் கிடைத்ததுதான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி இடமும் பிறகு வேலையும் உண்டு என்பதை வீட்டில் பொறுமையாக எடுத்துச் சொல். உனக்கு நான் கொடுக்கும் வேலை இரண்டு: இடது கையாலேயே தினமும் இருபது நிமிடம் டிரிபிள், தலை நிமிர்ந்தபடி. அப்புறம் பெரிய ஆளுக்கு மேலே தூக்கிப் போடும் ஃப்ளோட்டர் ஷாட், ரிங்குக்கு எட்டடி தூரத்திலிருந்து.

திருவொற்றியூர், ஒரு அம்மா: பையனுக்குப் பதிமூன்று வயது. காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பாமல் போனில் என்பிஏ பார்க்கிறான். திட்டவா, விடவா?

தினமும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மேட்ச் முழுசாகப் பார்க்கட்டும், துண்டு துண்டு ரீல்ஸ் வேண்டாம். பார்க்கும்போது பேப்பரும் பேனாவும் கொடுங்கள். ஒரே ஒரு பாயின்ட் கார்டை எடுத்துக்கொண்டு, அவர் பந்தை விட்ட பிறகு எங்கே நடக்கிறார் என்று ஒரு குவார்ட்டர் முழுக்கக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பந்து வாங்குவதாக இருந்தால் ஏழாம் நம்பர் சைஸ், சிமென்ட் கோர்ட் என்பதால் ரப்பர் பந்தே போதும். காசை ஷூவில் போடுங்கள், கணுக்காலைச் சுற்றிப் பிடிப்பாக இருக்கிறதா என்று கடையிலேயே நடக்கவைத்துப் பார்த்து வாங்குங்கள்.