குஞ்சுக் கொட்டகை: டைமர் போட்ட பிறகு ஃபேன் நிற்கவே மாட்டேன் என்கிறது

கேள்வி: 500 பிராய்லர் குஞ்சுகள் இருக்கும் கொட்டகையில் ப்ளோயர் வைத்த மின் ஹீட்டரும், அரை எச்பி எக்ஸாஸ்ட் ஃபேனும் இருக்கின்றன. ஃபேன் விட்டு விட்டு ஓட வேண்டும் என்று ஆன்-டிலே டைமர் ஒன்று வாங்கி, ஃபேனை நேராக அதிலேயே இணைத்தேன். ஓடத் தொடங்கினால் நிற்பதில்லை. இப்போது டைமரை ரீசெட் செய்தாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைத்தவுடன் ப்ளோயரும் நின்று, கருகிய வாடை வருகிறது. எப்படி இணைப்பது?

பதில்: முதலில் நடந்தது டைமரின் குற்றம் இல்லை. ஆன்-டிலே டைமர், மின்சாரம் வந்ததும் நீங்கள் வைத்த நேரம் காத்திருந்து ஒரு முறை இணைப்பைக் கொடுக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. விட்டு விட்டு ஓட உங்களுக்குத் தேவை சைக்ளிக் டைமர். ஓடும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் தனித்தனியாக வைக்கிற வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது ரீசெட்டுக்கும் நிற்காததன் காரணம் வேறு. மெயினை அணைத்து, டைமரைக் கழற்றி, 15, 18 என்று எண் போட்ட முனைகளில் (டைமர் இணைப்பைக் கொடுப்பது இவற்றுக்கு இடையில்தான்) மல்டிமீட்டரின் பஸ்ஸரை வைத்துப் பாருங்கள். மின்சாரமே இல்லாத டைமர் ‘பீப்’ என்றால் உள்ளே காண்டாக்ட் (இணைப்பைத் தரும் உலோகப் புள்ளிகள்) உருகி ஒட்டிக்கொண்டது. அரை எச்பி மோட்டார் ஓடும்போது 3, 4 ஆம்பியர்தான் எடுக்கும்; கிளம்பும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். டைமர் மேல் ‘5 ஆம்பியர்’ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஹீட்டர் மாதிரியான சுமைக்கான கணக்கு, மோட்டாருக்கு அல்ல.

ஆகவே டைமர் உத்தரவு மட்டும் போடட்டும், சுமையைக் கான்டாக்டர் (காயில் என்ற சுருளுக்கு மின்சாரம் வந்ததும் பெரிய முனைகளை இணைக்கும் சுவிட்ச்) தூக்கட்டும். தனி எம்சிபியிலிருந்து (சுமை கூடினால் தானே விழும் சுவிட்ச்) பேஸ் சைக்ளிக் டைமரின் ஏ1-க்கு, நியூட்ரல் ஏ2-க்கு. ஏ1-லிருந்து 15-க்கு ஒரு ஜம்பர். 18-லிருந்து கான்டாக்டர் காயிலின் ஏ1-க்கு. காயிலின் ஏ2 நியூட்ரலுக்கு. காயிலின் வோல்ட்டும் உங்கள் லைனின் வோல்ட்டும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேனின் வயர் கான்டாக்டரின் பெரிய முனைகள் வழியாக, ஓவர்லோட் ரிலேயோடு (மோட்டார் அதிகம் இழுத்தால் காயிலின் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) போகட்டும்.

பலரும் விட்டுவிடுவது இன்னொன்று. 15-க்கும் 18-க்கும் இணையாக, சூடு ஏறினால் இணைப்புக் கொடுக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றைப் போடுங்கள். டைமர் செத்துப்போனாலும் சூடு கூடினால் ஃபேன் ஓடிவிடும். முதல் வாரக் குஞ்சுகளுக்கு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். இந்தத் தெர்மோஸ்டாட்டை அதற்கு 2, 3 டிகிரி மேலே வையுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் ஹீட்டர் சூடாக்க, ஃபேன் வெளியே தள்ள, மீட்டர்தான் சுற்றும். சென்சார் குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்கட்டும், கூரையில் அல்ல.

ப்ளோயருக்கு வருவோம். இதற்கு ஆஃப்-டிலே டைமர்: சிக்னல் நின்ற பிறகும் வைத்த நேரம் வரை இணைப்பைக் கொடுத்துவிட்டுத்தான் அணைக்கும். சாதாரணமாகக் கிடைக்கும் வகையில் ஏ1, ஏ2-க்கு எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டின் சிக்னல் பி1-க்கு வரும் (சிலவற்றில் அந்த முனைக்கு வேறு பெயர் இருக்கும், பக்கவாட்டில் உள்ள படத்தைப் பாருங்கள்). இங்கும் ஏ1-லிருந்து 15-க்கு ஜம்பர், 18-லிருந்து ப்ளோயர் கான்டாக்டரின் காயிலுக்கு. நேரம் 2, 3 நிமிடம். ஹீட்டர் கான்டாக்டரின் காயிலுக்குப் போகும் தெர்மோஸ்டாட் லைனை, ப்ளோயர் கான்டாக்டரின் 13, 14 துணை முனைகள் வழியாக எடுத்தால், ப்ளோயர் கான்டாக்டர் இழுக்காமல் ஹீட்டர் ஏறாது.

சைக்ளிக் டைமரை 5 நிமிடத்துக்கு 30 விநாடி ஓட்டம் என்று தொடங்கி, குஞ்சு வளர வளரக் கூட்டுங்கள். கணக்கை விட மூக்கு நல்லது: குனிந்து குஞ்சின் உயரத்தில் மூச்சு இழுங்கள். கண் எரிந்தால் அம்மோனியா ஏற்கெனவே அதிகம்.

பெட்டி தூசி புகாததாக இருக்கட்டும், எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் அணைக்கும் சுவிட்ச்) கட்டாயம். வயரிங்கை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனிடமே விடுங்கள். அடுத்த தொகுதிக் குஞ்சு இறங்குமுன், மெயினை அணைத்து சைக்ளிக் டைமரின் ஏ2-க்கு வரும் நியூட்ரல் வயரை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, மெயினை மறுபடி போட்டுக் கொட்டகையைச் சூடேற்றிப் பாருங்கள். ஃபேன் தானாகக் கிளம்ப வேண்டும்.