மண்சரிவுக்குப் பிறகு எங்கே போவது? உங்கள் கேள்விகளும் பதில்களும்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மீள்குடியேற்ற வேலை பார்த்த நம் மூத்த உறுப்பினர் ஒருவரிடம் இந்த வாரம் கேட்டவை.

ஹாலிஎலவிலிருந்து: அண்ணே, டித்வா புயலில் எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) பின்மேட்டில் வெடிப்பு விட்டது. இப்போது மழை இல்லை. திரும்பிப் போகலாமா?

போகாதீர்கள். அடுத்த மழைத் தண்ணீர் அந்த வெடிப்பு வழியாகத்தான் உள்ளே இறங்கும். மரம் சாய்வது, புதிதாக ஊற்று கிளம்புவது, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது எல்லாமே அறிகுறிதான். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு எச்சரிக்கை. சிவப்பு வந்தால் வெளியேற வேண்டியதுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து இடத்தைப் பார்க்கவேண்டும் என்று கிராம சேவகரிடம் எழுத்தில் கொடுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

கொஸ்லந்தையிலிருந்து: மீரியாபெத்தைத் தோட்டத்து மண்சரிவுக்கு முன்பே எச்சரிக்கை கொடுத்திருந்தார்களே, சனங்கள் ஏன் போகவில்லை?

2005இலும் 2011இலும் எச்சரித்தது உண்மை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பிவந்தபோது வீடுமில்லை, பெற்றவர்களுமில்லை. சனங்களுக்குப் புத்தியில்லை என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். எங்கே போவது? காம்பரா (லயத்து அறை) தோட்டத்துடையது, வேலையும் அங்கேதான், சொந்தக் காணி துண்டும் இல்லை. 'ஆபத்து, போ' என்று சொன்னவர்கள் போகவேண்டிய இடத்தைக் காட்டவில்லை. தப்பியவர்களில் பலர் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கவேண்டியிருந்தது. அவர்களுக்காக மாகல்தெனியவில் கட்டிய 75 வீடுகள் 2016இல்தான் கைக்கு வந்தன.

மஸ்கெலியாவிலிருந்து: நட்டஈடு கேட்டால், "வீடு யார் பேரில்?" என்கிறார்கள்.

சிக்கலே அதுதான். தோட்டக் காணி பெரும்பாலும் அரசாங்கத்துடையது, கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. லயத்தில் மூன்று தலைமுறை இருந்தாலும் காணி உறுதி (உரிமைப் பத்திரம்) கிடையாது. அதனால் குடியிருந்ததைக் காட்டுங்கள்: வாக்காளர் பட்டியல், செக்ரோல் (தோட்ட வேலைப் பதிவேடு) பதிவு, பிள்ளையின் பாடசாலைக் கடிதம், இடிந்த சுவரின் படம். புது வீடு கொடுத்தால் அதன் காணிக்கும் உறுதி கேளுங்கள், கணவன் மனைவி இருவர் பேரிலும். சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் பத்து வருடம் கழித்தும் இதே கேள்விதான்.

தலவாக்கலையிலிருந்து: புது வீடு கிடைத்தவர்களும் குறை சொல்கிறார்களே?

சொல்லத்தான் செய்வார்கள். கொழுந்து பறிக்கும் மலை தூரமாகிப்போனால் விடிவதற்கு முன்பே கிளம்பவேண்டும், அப்புறம் சின்னப் பிள்ளையை யார் பார்ப்பது? லயத்தில் பக்கத்துக் காம்பரா ஆயா பார்த்துக்கொண்டாள். சீட்டுக் குலுக்கி வீடு பிரித்தால் ஆயா ஒரு மூலை, பிள்ளை ஒரு மூலை. மாட்டுக்கு இடமில்லை, மரக்கறிப் பாத்தி போட மண் இல்லை, மாரியம்மன் கோயில் பழைய மேட்டிலேயே நிற்கிறது. செலவில்லாத வழி ஒன்று உண்டு: ஒரே லயத்துக் குடும்பங்கள் அடுத்தடுத்த வீடுகளை எடுத்துக்கொள்ள விடுவது. திட்டக் கூட்டத்தில் முதலிலேயே கேளுங்கள், அத்திவாரம் வெட்டிய பிறகு யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு தங்கச்சி: முகாமுக்கு என்ன அனுப்பலாம்?

அரிசி வந்துவிடும், படம் பிடிக்கிறவர்களே கொண்டுவந்து இறக்குவார்கள். நீங்கள் கழிவறைக் கதவுக்குக் கொண்டி, வெளியே ஒரு விளக்கு, பெண்பிள்ளைகளுக்கு நாப்கின், உள்ளாடை அனுப்புங்கள். பரீட்சை எழுதும் பிள்ளைகள் இருந்தால் கொப்பிகளும்.