18 வேற்றுமை இருந்தால் மொழி ஆகிவிடுமா?

கேள்வி: கடலுக்கடியில் வாழும் ஓர் இனத்தைப் பற்றி நாவல் எழுதுகிறேன். அவர்களுக்கென்று ஒரு மொழியும் உருவாக்கியிருக்கிறேன். 18 வேற்றுமை, 12 காலம், விதிவிலக்கு ஒன்றுகூடக் கிடையாது. தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் என்று நம் நான்கு மொழிகளிலிருந்தும் நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டேன். அட்டவணைகளை இணைத்திருக்கிறேன். இலக்கணம் முடிந்தது, இனி சொற்களைச் சேர்க்கலாமா? (வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்)

பதில்: வேண்டாம், பொறுங்கள். அட்டவணைகள் எல்லாவற்றையும் பார்த்தேன். விகுதிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன, ஒரு முழு வாக்கியத்தைத்தான் எங்கும் காணவில்லை. அப்புறம் எப்படி இலக்கணம் முடிந்தது என்கிறீர்கள்?

வேற்றுமைக் கணக்கை முதலில் விடுங்கள். தமிழுக்கு 8, ஃபின்னிஷுக்கு 15 என்பார்கள். மலாயிலும் சீனத்திலும் பெயர்ச்சொல் வேற்றுமைக்காக உருமாறுவதே இல்லை, அதனால் அவர்கள் எதையாவது சொல்ல முடியாமல் தவிக்கிறார்களா? எந்த மொழியிலும் எதையும் எப்படியாவது சொல்லிவிடலாம், பேசுகிறவர் எதைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது என்பதில்தான் மொழிகள் பிரிகின்றன. மலாயில் 'டியா டாத்தாங்' என்றால் போதும், வந்தவர் ஆணா பெண்ணா, வந்தது நேற்றா இன்றா என்று காட்டவேண்டிய கட்டாயமில்லை. தமிழில் வந்தான், வந்தாள், வந்தார் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும், காலமும் வினைக்குள்ளேயே வந்துவிடும். ஆனால் அதே மலாயில் கேட்பவரைச் சேர்த்துச் சொன்னால் 'கித்தா', விட்டுச் சொன்னால் 'காமி', நம் நாம், நாங்கள் போல. ஆங்கிலத்துக்கு அந்தக் கவலை இல்லை. துருக்கி மொழியில் நடந்ததைச் சொன்னால், அது நேரில் அறிந்ததா பிறர் சொல்லித் தெரிந்ததா என்பதை வினை விகுதியே காட்டும். நாம் 'வந்தானாம்' என்பதை வேண்டியபோது சொல்கிறோம், அவர்களுக்கோ கடந்தகாலமே அப்படி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

உங்கள் கடல் மக்கள் எதைச் சொல்லியே ஆகவேண்டும்? இருட்டில் வாழ்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, கண்ணால் பார்த்ததா நீரின் அதிர்வில் உணர்ந்ததா என்பது ஒவ்வொரு வினையிலும் வரட்டுமே! உங்கள் 12 காலத்தைவிட அந்த ஒரு முடிவு கதைக்கு அதிகம் உதவும், பொய் சொல்லும் பாத்திரம் விகுதியிலேயே மாட்டிக்கொள்ளும்.

விதிவிலக்கே இல்லை என்பதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். ஸாமன்ஹாஃப் 1887இல் வெளியிட்ட எஸ்பெராந்தோவுக்கு 16 விதிகள், வினைகளெல்லாம் ஒரே அச்சு, ஏனென்றால் அது பல நாட்டு மக்களும் சீக்கிரம் கற்கவேண்டிய பொதுமொழி. 'ஸ்டார் டிரெக்' படங்களில் வேற்றுலகத்தார் பேசும் கிளிங்கான் மொழியை உருவாக்கிய மார்க் ஒக்ராண்ட் செயப்படுபொருளை முதலிலும் எழுவாயைக் கடைசியிலும் வைத்தார். உலகில் மிக அரிதான அந்த வரிசையை அவர் வேண்டுமென்றே எடுத்தது, பேசுகிறவர்கள் வேற்றுலகத்தார் என்பதால். உங்கள் மக்களுக்கு ஆயிரம் ஆண்டு வரலாறு இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அத்தனை காலம் புழங்கிய மொழி தேயாமல் இருக்குமா? அதற்காக விதிவிலக்குகளைக் கண்டபடி தூவாதீர்கள், அது போலியாகத் தெரியும். பழைய வடிவம் ஒன்றைக் கட்டிவிட்டு, அதிகம் புழங்கும் சொற்களை அதிலிருந்து தேயவிடுங்கள். 'வந்து விட்டான்' நம் வாயில் 'வந்துட்டான்' ஆகி, விடுதல் என்ற வினை செயல் முடிந்ததைக் காட்டும் வெறும் ஒட்டாகச் சுருங்கியதைப் பாருங்கள். காப்பிக்கடையில் 'ஈட் ஆல்ரெடி' என்கிறார்களே, சொல் ஆங்கிலம், அது செய்கிற வேலை மலாய் 'சுடா'வும் சீன 'ல'வும் செய்கிற வேலை, 'சாப்பிட்டாச்சு' என்று செயல் முடிந்ததைக் காட்டுவது. நான்கு மொழிக்காரர்கள் ஒரே மேசையில் பேசிப் பேசி இலக்கணத்தை மாற்றிக்கொண்டிருக்கும் ஊரில் இருந்துகொண்டு நீங்கள் அதைக் காதுகொடுத்துக் கேட்காமல் கட்டம் போட்டுக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

நான்கிலிருந்தும் நல்லதை எடுத்தேன் என்பதிலும் சிக்கல் உண்டு. வினையைத் தமிழ்போலக் கடைசியில் வைத்தீர்கள், இடம் காட்டும் சொல்லை ஆங்கிலம்போலப் பெயருக்கு முன்னால் வைத்துவிட்டீர்கள். மொழியியலாளர் ஜோசப் கிரீன்பர்க் 30 மொழிகளை ஒப்பிட்டு 1963இல் வெளியிட்ட ஆய்விலேயே இது இருக்கிறது: வினை கடைசியில் வரும் மொழிகளில் 'மேசைமேல்', 'வீட்டுக்குள்' என்று பின்னால் வருவதே பெருவழக்கு. பாரசீகம் அதை மீறுகிறது, நீங்களும் மீறலாம், ஆனால் தெரிந்து மீறுங்கள்.

இப்போது ஒரு வேலை. 'நேற்று நீ பார்த்ததாகச் சொன்ன அந்த மீன் இன்னும் சாகவில்லையா?' இதை உங்கள் மொழியில் எழுதுங்கள். பிறர் கூற்று, பெயரெச்சம், எதிர்மறை, கேள்வி எல்லாம் இதற்குள் இருக்கின்றன, உங்கள் அட்டவணையில் இவற்றில் பாதிக்கு இடமே இல்லை. எதிர்மறைக்கு ஒரு முன்னொட்டு என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தமிழில் வந்தான், வந்தாள், வந்தது எல்லாம் இல்லை என்று ஆனதும் 'வரவில்லை' என்று ஒன்றாகிவிடுகின்றன, பாலும் எண்ணும் அங்கே காணாமல் போகின்றன. உங்கள் மொழியில் எது காணாமல் போகும்? ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அதன் பொருளையும் உருபையும் குறித்து அனுப்புங்கள், நானே படித்துப் பார்க்கிறேன். இப்படி இருபது வாக்கியமாவது தேறட்டும், சொற்பட்டியலை அதற்கப்புறம் தொடங்கலாம்.